வண்டி தாங்கும் பாரம்



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டதென்பதை எங்கள் மாளிகாவத்தைப் பகுதியில் நாட்காட்டியைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. வீதியோரத்தில் நிற்கும் வான்களின் கூரைகளைப் பார்த்தாலே போதும். பெட்டிகள், படுக்கைச் சுருள்கள், பாய்கள், அலுமினியப் பானைகள், குழந்தைகளின் மிதிவண்டி ஆகிய யாவும் அங்கே கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருக்கும். சித்திரை மாதத்தில் நுவரெலியா, ஆடித் திருவிழாக் காலத்தில் கதிர்காமம், மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலை என்று யாத்திரையும் உல்லாசப் பிரயாணமும் ஒன்றோடொன்று கலந்து ஆண்டு முழுவதும் நடந்துகொண்டேயிருக்கின்றன. வசதி படைத்த சிலர் தம்முடைய ஜீப் வண்டிக்குப் பின்னால், ட்ரெயிலர் என்று நாம் வழங்கும் இழுவைப் பெட்டியொன்றைப் பூட்டிச் செல்கிறார்கள். வேறு சிலர் பழைய வான் ஒன்றினுள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் அமைத்து, அதனை ஓடும் வீடாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியை நாடிப் புறப்படும் இக்குடும்பத்தார் ஊறுகாய்ப் போத்தலையும் மறப்பதில்லை. தலைவலித் தைலத்தையும் மறப்பதில்லை. இந்த வண்டி எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்ற ஒரு கேள்வியை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

இது பொறியியலாளர் பேச வேண்டிய பொருளல்லவா, பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவருக்கு இதில் என்ன அலுவல் என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் கலைப் பட்டதாரி. இயந்திர நுட்பம் கற்றவனல்லன். ஆயினும் இவ்விடயத்தில் ஒரு பாடத்தை நான் ஏட்டில் படியாமல் வீதியிலே படித்தேன். அப்பாடத்துக்குக் கட்டணமாக ஒரு மாணவனின் கை முறிந்தது. ஆகவே இதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்குச் சிறிது உண்டென்றும், கடமை அதைவிட அதிகமாக உண்டென்றும் கருதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். நமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமாகும். அது பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. வீதியில் செல்லும் லொறி ஒன்றின் பக்கப் பலகையை நீங்கள் உற்று நோக்கியிருந்தால், அதில் வண்டியின் வெற்று நிறையும், ஏற்றத்துடன் கூடிய மொத்த நிறையும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால் வரும் மிச்சமே அவ்வண்டியில் ஏற்றத்தக்க பாரம். சாதாரணக் கார் அல்லது வான் ஓட்டுவோருக்கு வழங்கப்படும் பி வகைச் சாரதி அனுமதிப்பத்திரமும் நிறையை வைத்தே வகுக்கப்பட்டுள்ளது. மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத வண்டிக்கே அது செல்லும். அவ்வண்டியுடன் பூட்டத்தக்க இழுவைப் பெட்டிக்கும் ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நிறையெல்லை என்பது லொறிக்காரருக்கு மட்டும் உரிய விதியன்று. காரும் வானும் ஓட்டும் நமக்கும் உரியது.

இந்தக் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒரு வானின் மொத்த நிறை 2,500 கிலோகிராம், வெற்று நிறை 1,700 கிலோகிராம் என்று கொள்வோம். ஏற்றத்தக்கது 800 கிலோகிராம். அடேயப்பா, 800 கிலோவா என்று மனம் நிமிர்ந்துகொள்ளும். அதில் ஒன்பது பேர் ஏறுகிறார்கள். ஆளுக்கு 65 கிலோ வீதம் 585 போய்விட்டது. எஞ்சியது 215. இரண்டு கலன்களில் 40 லீற்றர் தண்ணீர். அது 40 கிலோ. எரிவாயு உருளை இரண்டு, உருளையின் நிறையுங் கூட்டி ஏறத்தாழ 50. கூரைமேற் பூட்டிய இரும்புச் சட்டம் 30. பானை சட்டிகள் 40. ஆளுக்கொரு பை, பை ஒன்று 10 கிலோ வீதம் 90. இவை மட்டுமே 250 ஆகின்றன. அரிசி மூடை இன்னும் ஏறவில்லை. எல்லையோ அதற்குள் கடந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த வண்டியைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஓர் அளவான குடும்பப் பிரயாணமாகவே தோன்றும். இங்கே நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: பாரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அதனை நிறுத்துத்தான் அறிய வேண்டும்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பாடசாலையில் நான் உதவி ஆசிரியராகவும் சாரணர் படைக்குப் பொறுப்பாசிரியராகவும் இருந்தேன். நுவரெலியாவில் நான்கு நாட் பாசறை ஒன்றை ஒழுங்கு செய்தோம். மாணவர்களிற் பெரும்பாலோர் மற்ற ஆசிரியர்களுடன் புகையிரதத்தில் நானுஓயாவுக்குச் சென்றனர். கூடாரங்களையும் சமையற் பாத்திரங்களையும் கொண்டுபோக, மாணவன் ஒருவனின் தந்தையார் தமது ஜீப் வண்டியையும் இரு சக்கர இழுவைப் பெட்டியொன்றையும் மனமுவந்து தந்து, தாமே ஓட்டியும் வந்தார். நல்ல மனிதர், பாடசாலைக்காக எதையும் செய்யக்கூடியவர். அந்தப் பெட்டியை ஏதோ ஒரு கராஜில் பழைய சிறிய கார் ஒன்றின் அச்சையும் வில்லையும் கொண்டு செய்வித்திருந்தார். அதற்கெனத் தனிப் பிரேக் கிடையாது. புறப்படும் வேளையில், “இவ்வளவையும் இது தாங்குமா?” என்று நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “சேர், இது நம்மட சொந்த வண்டி, கூலிக்கு ஓடுறதில்லை. இதை யார் நிறுத்துப் பார்க்கப் போறா?” என்றார். அந்த விடை எனக்கும் போதுமானதாக இருந்தது. சாமான்களின் பட்டியலின் கீழே பொறுப்பாசிரியர் என்று கையொப்பமிட்டவன் நான்தான்.

போகும்போது ஒரு குறையும் நேரவில்லை. பாசறையின் மூன்றாம் நாள் இரவு நல்ல மழை பெய்தது. நான்காம் நாட் காலையில் நனைந்த கூடாரங்களை அப்படியே சுருட்டிப் பெட்டியில் ஏற்றினோம். அதன் பின்னர் தொடங்கியது மரக்கறிக் கொள்முதல். நுவரெலியாவுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவோர் உண்டா? ஒருவர் இரண்டு கோவா வாங்கினார். இன்னொருவர் நான்கு கட்டு லீக்ஸ் வாங்கினார். ஆசிரியை ஒருவர் கரட்டும் பீட்ரூட்டும் வாங்கித் தரச் சொல்லிப் பணம் கொடுத்தனுப்பியிருந்தார். நானும் விலை மலிவைக் கண்டு மயங்கி உருளைக்கிழங்கு மூடையொன்றை வாங்கினேன். கடைசியாக வந்தவையாதலால் இவையெல்லாம் பெட்டியின் பின்பக்கத்தில் இடம்பிடித்தன.

ஜீப்பின் முன்னே வண்டிக்காரரும் நானும், பின்னே மூத்த சாரணர் மூவரும் இருந்தோம். றம்பொடைக் கணவாயில் இறங்கத் தொடங்கிச் சிறிது தூரம் வந்ததும் தீய்ந்த மணம் ஒன்று மூக்கில் ஏறியது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருகிறதாக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அது எங்கள் பிரேக் எரிந்த மணம். அடுத்த வளைவில் பின்னாலிருந்து யாரோ எங்களைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவதுபோல் வண்டி அசைந்தது. பெட்டி வாலைப்போல வீசத் தொடங்கிவிட்டது. நண்பர் பிரேக்கை மிதித்தார்; அது அடிவரை சென்றும் வண்டி நிற்கவில்லை. இடப்புறம் மலைச்சுவர், வலப்புறம் பள்ளம். அவர் ஆண்டவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வண்டியை மலைப்பக்கக் கானுக்குள் திருப்பினார். பெட்டியின் அச்சு முறிந்து ஒரு சக்கரம் கழன்று வீதியைக் கடந்து பள்ளத்துக்குள் உருண்டுபோயிற்று. அந்த நேரத்தில் எதிரே யாரும் வரவில்லை. சாரணன் ஒருவனின் இடக்கை முறிந்தது. மற்றவர்கள் சிராய்ப்புடன் தப்பினோம்.

கீழிருந்து ஏறிவந்த லொறி ஒன்று நின்றது. அதன் சாரதி மலையகத்தவர், வயதில் மூத்தவர். அவரும் அவருடைய உதவியாளரும் பையனைத் தூக்கி வைத்தியசாலைக்கு அனுப்ப வழிசெய்தார்கள். பிறகு அவர் சிதறிக் கிடந்த கோவாக்களையும் மூடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ஐயா, எங்க லொறியில எவ்வளவு ஏத்தலாமுன்னு எழுதியிருக்குதுங்க. கூட ஏத்தினா பொலிஸ்காரர் மறிப்பாரு. உங்க பெட்டியில எங்கங்க எழுதியிருக்கு?” அவர் குறை சொல்லும் எண்ணத்துடன் கேட்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகிய என்னால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும், ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, பெட்டியில் இருந்த சாமான்கள் அத்தனையையும் மாணவர்களைக் கொண்டு ஒவ்வொன்றாக நிறுக்கச் செய்தேன். மொத்தம் 802 கிலோகிராம். அவற்றுள் தனியாக 50 கிலோவைத் தாண்டிய பொருள் ஒன்றேனும் இல்லை. நனைந்த கூடாரம் ஒன்று 38 கிலோ இருந்தது. உலர்த்திய பின்னர் 24. நான்கு கூடாரங்களிலும் மழைநீர் மட்டும் 56 கிலோ பிரயாணம் செய்திருக்கிறது. வெறும் பெட்டி 310 கிலோ. ஆக 1,112 கிலோகிராமை, பிரேக் இல்லாத ஒரு பெட்டியில் இழுத்துக்கொண்டு மலையிறங்கியிருக்கிறோம். அந்த அச்சு தான் பிறந்த சிறு காரில் இருந்தபோது இதில் ஏறத்தாழப் பாதியைத்தான் சுமந்திருக்கும்.

அந்தத் தராசின் முன்னே நின்றபோது எனக்கு வள்ளுவர் நினைவு வந்தார். திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. மிக மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடிந்துபோகும் என்ற கருத்தை அவர் அங்கே சொல்கிறார். அந்த அதிகாரம் அரசனை நோக்கியது. தனித்தனியே எளியவரான பகைவர் பலர் ஒன்றுகூடினால் வலியவனும் கெடுவான் என்பதே அங்கு உட்பொருள் என்று பரிமேலழகர் உரை கூறுகிறார். வண்டியும் இறகும் வேறொன்றைச் சுட்ட வந்த உவமை என்றே நானும் வகுப்பிற் பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். அன்றுதான் அந்த உவமையை அதன் நேர்ப்பொருளில் முதன்முறையாகப் படித்தேன். எங்கள் இறகுகள் கோவாவும் லீக்ஸும் ஈரக் கூடாரமுமாக இருந்தன. என் உருளைக்கிழங்கு மூடையும் அவற்றுள் ஓர் இறகு. எந்த இறகு அச்சை ஒடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தம் இறகு ஒடிக்கவில்லை என்று எண்ணிக்கொள்வது எளிது.

மிகைப்பாரம் எவ்வாறு தீங்கு செய்கிறதென்பதைப் பின்னர் விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். மூன்று வழிகள் உள்ளன. முதலாவது பிரேக். ஆயிரம் கிலோகிராம் பாரம் ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்குமானால், அதில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 2.7 அலகு மின்சாரத்துக்குச் சமம். வீட்டிலுள்ள மின் இஸ்திரிப்பெட்டி ஒன்றை இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகச் சூடாக வைத்திருக்க அது போதும். இயந்திரத்தைத் தாழ்ந்த கியரில் விட்டு அதனைத் தடுக்காவிடில், அவ்வெப்பத்திற் பெரும்பகுதியும் சக்கரங்களிலுள்ள பிரேக்குகளுக்குள்ளேயே இறங்க வேண்டும். அளவு கடந்து சூடேறிய பிரேக் பிடியை இழந்துவிடும். சமதரையில் நன்றாகப் பிடித்த பிரேக் மலையில் பிடிக்காமற் போவதன் காரணம் இதுவே.

இரண்டாவது டயர். டயரின் பக்கச் சுவரில் அளவுகளை அடுத்து எண்ணொன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது அந்த டயர் தாங்கும் பாரத்தின் குறி. 91 என்றிருந்தால், உரிய காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால், அல்லது காற்றுக் குறைந்திருந்தால், டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கிறது.

மூன்றாவது பாரம் அமரும் இடம். கூரைமேல் ஏற்றிய சுமை வளைவுகளில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். இழுவைப் பெட்டியிலோ, பாரமானவை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் தாழ்வாக இருக்க வேண்டும். கொளுவியின்மேல் பெட்டியின் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அமர்ந்திருந்தால் பெட்டி அடங்கி வரும் என்பது பொதுவான விதி. பாரம் பின்னுக்குப் போனால் முன்புறம் இலேசாகி, பெட்டி வால்வீசத் தொடங்கும். அந்நிலையில் சடுதியாகப் பிரேக்கை மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி நிமிர்த்தப் பார்ப்பதும் ஆபத்து. சுக்கானை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடவேண்டும்.

நமது மலைவீதிகள் பிழை பொறுப்பவையல்ல. 2025 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆந் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ்வண்டி கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆந் திகதி, உல்லாசப் பிரயாணம் சென்று திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ்வண்டி எல்ல – வெல்லவாய வீதியில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். அவற்றின் காரணங்களைத் தீர்ப்பது என் வேலையன்று. தட்டையான வீதியில் மன்னிக்கப்படக்கூடிய தவறு மலைவீதியில் மன்னிக்கப்படுவதில்லை என்பதற்காகவே அவற்றை நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டின் பாலங்கள் பலவற்றைச் சிதைத்தது. சில இடங்களில் தற்காலிக இரும்புப் பாலங்களை அமைக்க நேர்ந்தது. அத்தகைய பாலத்தின் முகப்பில் எழுதப்படும் நிறையெல்லையை நாம் மீறினால், அக்கரையிலுள்ள கிராமம் முழுவதும் மீண்டும் ஒருமுறை துண்டிக்கப்படலாம்.

இனி, இவ்வெல்லையை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது? கொழும்பிலுள்ள நமக்குத் துறைமுகம் நல்ல ஆசான். அங்கு நிற்கும் கப்பலின் பக்கத்தில், ஒரு வட்டமும் அதனை ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடும் தீட்டப்பட்டிருக்கும். பாரத்தால் கப்பல் எதுவரை தாழலாம் என்பதைக் காட்டும் கோடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பேராசை பிடித்த உரிமையாளர் சிலர் கப்பல்களை அளவு மீறி நிரப்பியனுப்ப, மாலுமிகள் கடலில் மாண்டனர். சாமுவேல் பிளிம்சோல் என்ற ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் இதனை எதிர்த்து ஓயாமற் போராடியதன் விளைவாக, 1876 இல் அக்கோட்டை இடவேண்டும் என்று பிரித்தானியாவில் சட்டம் பிறந்தது. ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கோட்டை எந்த உயரத்தில் இடுவதென்பதை உரிமையாளரே தீர்மானிக்கலாம்! தமக்கு வேண்டிய உயரத்தில் கோட்டை இட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1890 இல் அந்தச் சுதந்திரம் பறிக்கப்பட்டு, கோட்டின் இடத்தைச் சட்டமே வரையறுத்தது. 1930 இலும் 1966 இலும் செய்துகொள்ளப்பட்ட சர்வதேச உடன்படிக்கைகளால் அக்கோடு உலகப் பொதுவாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் கற்கலாம். உடையவனே வகுத்துக்கொள்ளும் எல்லை எல்லையாகாது என்பது ஒன்று. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் எல்லையே மதிக்கப்படும் என்பது மற்றொன்று. துறைமுகத்துக் கூலியாளும் அந்தக் கோட்டைப் பார்த்து, கப்பல் அளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டதென்று சொல்ல முடியும். நமது சொந்த வண்டிகளிலோ, அந்த எண் கதவோரத்துத் தகட்டிலும் பதிவுப் புத்தகத்திலும் ஒளிந்து கிடக்கிறது. கராஜில் செய்வித்த இழுவைப் பெட்டியில் அது எங்கும் இல்லாமலே இருக்கலாம்.

சொந்த வண்டிக்காரரையும் சோதனை செய்வது அதிகப்படியல்லவா, வீதியைக் கெடுப்பவை லொறிகள்தாமே என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த பெரிய வீதிச் சோதனையில், வீதிக்கு நேரும் சேதம் அச்சின் பாரத்தைப் பொறுத்து ஏறத்தாழ நான்காம் அடுக்கில் பெருகுகிறதெனக் கண்டார்கள். எட்டுத் தொன் அச்சில் பன்னிரண்டு தொன் ஏற்றினால் சேதம் ஒன்றரை மடங்கோடு நில்லாமல் ஐந்து மடங்காகும். அந்தக் கணக்கின்படி பத்துத் தொன் அச்சு ஒன்று செய்யும் சேதத்தைச் செய்ய, ஒரு தொன் அச்சுகள் பத்தாயிரம் வேண்டும். ஆகவே தாரையும் கல்லையும் மட்டும் காப்பதானால், லொறியைப் பிடித்துவிட்டுக் குடும்ப வண்டியை விட்டுவிடலாம். ஆனால் நிறையெல்லை உயிரையும் காக்க வந்தது. கழன்றோடிய எங்கள் சக்கரம் தாருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அந்த நேரத்தில் தேயிலைக் கூடையுடன் வீதியைக் கடக்கும் ஒரு பெண் அங்கு இருந்திருந்தால் அவளுக்கு என்ன செய்திருக்கும்?

இதில் நீதி பற்றிய கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. மணலும் கருங்கல்லும் மரமும் ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதியை மறித்து விசாரிக்கிறோம். அது வேண்டியதே. அவனோ பெரும்பாலும் பிறருக்காக ஏற்றுபவன். மறுத்தால் அன்றைய கூலி போய்விடும். நாமோ நமது இன்பத்துக்காக ஏற்றுகிறோம். ஒரு மூடையைக் குறைத்தால் நமக்குப் போவதொன்றுமில்லை. வயிற்றுக்காக மீறுபவனை மறித்துவிட்டு, வேடிக்கைக்காக மீறுபவனுக்கு வழிவிடும் சட்டம் சமநிலையுடைய தராசாகாது. அன்று அந்த லொறிச் சாரதியின் முன் நான் நாணி நின்றதற்கு இதுவே காரணம்.

ஆகவே பணிவுடன் சில யோசனைகளை முன்வைக்கிறேன். சொந்த உபயோகத்துக்கான இழுவைப் பெட்டிகள் யாவற்றிலும், லொறியிற்போலவே, வெற்று நிறையும் மொத்த நிறையும் பெரிய எழுத்தில் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். அவ்வெண்ணைப் பெட்டியைச் செய்தவரோ உடையவரோ வகுக்காமல், தகுதியுள்ள பரிசோதகர் அச்சையும் வில்லையும் டயரையும் பார்த்து வகுக்க வேண்டும். சித்திரை விடுமுறையிலும் யாத்திரைக் காலங்களிலும், மலைவீதிகள் தொடங்கும் இடங்களில், சக்கரத்தின் கீழ் வைத்து நிறுக்கும் கையடக்கத் தராசுகளுடன் சோதனை நடைபெற வேண்டும். மலையில் இறங்குவதற்கு முன்னரும் அது வேண்டும். மரக்கறி மூடைகள் ஏறுவது அங்கேதான். அதிகம் ஏற்றியவரிடம் தண்டப்பணம் மட்டும் பெற்றுக்கொண்டு அப்படியே போகவிடுவதால் யாருக்கும் பயனில்லை. பணம் கட்டிய பாரமும் பாரமே. மிகையை அவ்விடத்திலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் செல்லவேண்டும் என்பதே விதியாக இருக்கவேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. வண்டிகளை நிறுக்கும் தராசுகள் கொழும்பிலும் அயலிலும் பழைய இரும்பு வியாபாரிகளிடமும் ஆலைகளிலும் உள்ளன. பிரயாணத்துக்கு முதல்நாள் ஏற்றிய வண்டியை அங்கே ஒருமுறை கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். அது இயலாவிடில், வீட்டிலேயே ஒவ்வொரு பொருளையும் நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்களின் நிறையையும் எழுத மறவாதீர்கள். திரும்பி வரும்போது வாங்கப்போகும் பொருள்களுக்கென்று முன்கூட்டியே இடம் விட்டுவையுங்கள்.

எனது பாடசாலையில் இன்று சுற்றுலாவுக்கு அனுமதி கோரும் பத்திரத்தில் ஒரு நிரலைக் கூட்டியிருக்கிறேன். மாணவர் தொகை, ஆசிரியர் தொகை ஆகியவற்றுக்கு அடுத்து, வண்டி தாங்கும் பாரம் எவ்வளவு, ஏற்றப்போகும் பாரம் எவ்வளவு என்று அதில் எழுதவேண்டும். கணித ஆசிரியர் அதைச் சரிபார்க்கிறார். பொதிகளை நிறுக்கும் வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மிகுந்த உற்சாகத்துடன் செய்கிறார்கள். சென்ற முறை அவர்கள் என் பையையும் விட்டுவைக்கவில்லை. அனுமதித்ததற்கு மேல் இரண்டு கிலோ இருக்கிறது, சேர், என்றான் ஒருவன். திறந்து பார்த்து, வாசிக்கவென்று எடுத்து வைத்திருந்த இரண்டு தடித்த புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டேன்.

கை முறிந்த அந்தச் சாரணன் இன்று தானும் ஒரு தந்தை. அண்மையில் குடும்பத்துடன் நுவரெலியா சென்று திரும்பியபின் என் வீட்டுக்கு வந்தான். “சேருக்கென்று கோவா ஒன்றே ஒன்று கொண்டுவந்தேன், நிறுத்துத்தான் ஏற்றினேன்” என்று சிரித்தபடி நீட்டினான். இடக்கையால் நீட்டியவன் சட்டென்று வலக்கைக்கு மாற்றிக்கொண்டான். நான் அதனை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

விடுமுறைக்குப் புறப்படும் நேயர்கள் யாவரும் நலமே சென்று நலமே மீள வேண்டுமென வாழ்த்தி, இவ்வுரையை நிறைவு செய்கிறேன்.